பாகம் கிடைக்காத இயந்திரமும் ஒரு துண்டுச் சீட்டும்



“இதற்குப் பாகம் வருவதில்லை.” பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் நாளொன்றுக்குப் பத்து முறையாவது சொல்லும் வாக்கியம் இது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருமானூர் கடைவீதியில் கடிகாரம், வானொலி, மின்விசிறி, மிக்சி என்று வருவதையெல்லாம் பிரித்துப் பூட்டி வருகிறேன். இவ்வாக்கியத்தைச் சொன்னவுடன் வாடிக்கையாளர் எதிர்வாதம் செய்வதில்லை. பொருளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அதனாலேயே இது எங்கள் தொழிலில் மிகவும் வசதியான வாக்கியமாகிவிட்டது. பாகம் உண்மையிலேயே வராத பொருளுக்கும் இதைச் சொல்கிறோம். மெனக்கெட விருப்பமில்லாத பொருளுக்கும் இதையே சொல்கிறோம். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. சொல்பவனுக்குத் தெரியும், அவனைப் படைத்தவனுக்கும் தெரியும்.

எங்கள் ஊருக்கு இரயில் கிடையாது. அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் இடையில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஊர் இது. இரயில் ஏற வேண்டுமானால் வடக்கே அரியலூருக்குப் போக வேண்டும். அல்லது பாலம் கடந்து தஞ்சாவூருக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் என் மேசைக்குச் சென்ற கோடையில் ஓர் இரயில் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத, கறுப்பு வண்ணம் பூசிய நீராவி இயந்திரத்தின் சிற்றுரு. உண்மை இயந்திரத்தில் 87இல் ஒரு பங்கு அளவு. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு இடையிலான அகலம் 16.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடக்கூடியது. உள்ளே கடுகளவு திருகாணிகள்; வெளியே சக்கரங்களை இணைக்கும் உலோகத் தண்டுகள்; புகைபோக்கி, விசில், படிக்கட்டு எல்லாம் உண்டு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், உலகெங்கும் பெரியவர்கள் தேடிச் சேர்க்கும் பொருள் இது. நம் நாட்டில் புனே நகரில் இத்தகைய சிற்றுரு இரயில்களுக்கென்றே பி.எஸ். ஜோஷி என்பவர் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று 1998 முதல் இயங்கி வருகிறது.

இதைக் கொண்டுவந்தவர் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர். திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் பணிபுரிந்த அவருடைய தம்பி 1986ஆம் ஆண்டு ஓர் ஐரோப்பியத் துறைமுகத்தில் வாங்கி வந்து அண்ணனுக்குக் கொடுத்தது இந்த இயந்திரம். தம்பி இன்று உயிரோடு இல்லை. இயந்திரமும் பல ஆண்டுகளாக ஓடவில்லை.

“பாய், இதை விற்கப் போறேன். பேத்திக்கு ஜூன் மாசம் காலேஜுக்குக் கட்டணும். சென்னையில ஒருத்தர் கேட்கிறார். ஓடினா ஒரு விலை, ஓடலேன்னா அதில பாதி விலைன்னு சொல்லிட்டார்” என்றார்.

“ஐயா, இதைச் செய்த கம்பெனிக்கு எழுதிப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

பேரன் மூலம் எழுதிக் கேட்டிருக்கிறார். அந்த மாதிரியின் தயாரிப்பு நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது, உதிரிப்பாகம் ஏதும் கையிருப்பில் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்திருக்கிறது. என் நாவின் நுனிக்கு அந்த வசதியான வாக்கியம் வந்தது. அதற்குள் பெரியவர், “பொன்மலையில இருந்தவன்கிட்ட பாகம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது பாய்” என்று சிரித்தார். அதன் பிறகு அவர் சொன்ன செய்திகள்தாம் என்னை இந்த வேலையில் இறக்கின.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை இரயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிலர் பயணமும் செய்திருப்போம். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் போடப்பட்ட பாதை அது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவு. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றம் மிகச் செங்குத்தானது. மிகக் கடினமான இடங்களில் பன்னிரண்டரை அடி முன்னேறினால் ஓர் அடி உயரும். இந்தச் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் கொண்ட இரும்புப் பட்டை பதிக்கப்பட்டுள்ளது. இயந்திரத்தின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு மேலேறுகிறது.

இந்தப் பாதைக்கென்றே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்த தொழிற்சாலை ஒன்று ‘எக்ஸ்’ வகை இயந்திரங்களைச் செய்து அனுப்பியது. 1914 தொடங்கி 1952 வரை வந்தவை மொத்தம் 17. ஒவ்வொன்றிலும் நான்கு உருளைகள். இரண்டு உருளைகள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டு உருளைகளுக்குள் புகுந்து, பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒருமுறை உழைத்த நீராவியையே மறுபடியும் உழைக்க வைக்கும் ஏற்பாடு.

உலகில் நீராவி இயந்திரங்களின் காலம் முடிந்தது. வின்டர்தூர் தொழிற்சாலையும் பழைய வடிவில் நிலைக்கவில்லை. ஆனால் நீலகிரி மலை அப்படியேதான் இருந்தது. ஏற்றமும் அப்படியேதான் இருந்தது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இயந்திரங்கள் தேய்ந்துகொண்டே வந்தன. ஒரு வால்வு உடைந்தாலும், ஒரு பற்சக்கரம் தேய்ந்தாலும் கடிதம் எழுதி வரவழைக்க இடமில்லை. பொன்மலைத் தொழிலாளர்கள் தேய்ந்த பாகத்தை மேசையில் வைத்து அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து, தாங்களே செய்தார்கள். இப்படி ஒவ்வொரு பாகமாகச் செய்யக் கற்றுக்கொண்ட பணிமனை, கடைசியில் முழு இயந்திரத்தையே செய்துவிட்டது. 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் வகை இயந்திரங்கள் பொன்மலையிலிருந்து வெளிவந்தன. 2021இல் நிலக்கரியில் ஓடும் இயந்திரம் ஒன்றும் வந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு இடம் மாறிய பணிமனை அது. தென்னிந்திய இரயில்வேயின் பழைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக ஏற்பட்ட இடம், உலகில் வேறெங்கும் வாங்க முடியாத இயந்திரத்தைப் புதிதாகச் செய்யும் இடமாக உயர்ந்தது. அந்த வேலையில் தம் கைகளும் இருந்தன என்பதைப் பெரியவர் பெருமையாகச் சொல்லவில்லை. நேற்றுச் சமைத்த குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

இனி என் மேசைக்கு வருகிறேன்.

இயந்திரத்தைத் திறந்து பார்த்ததும் முதலில் தேடியது உடம்பில் வெடிப்பு இருக்கிறதா என்பதைத்தான். இத்தகைய சிற்றுருக்களின் அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுவது வழக்கம். வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்பு சிறிதளவு சேர்ந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் தானாகவே உப்பி, வளைந்து, பிஸ்கட்டைப் போல உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. அல்ஹம்துலில்லாஹ், இதன் சட்டம் நேராகவும் உறுதியாகவும் இருந்தது. மற்றக் குறைகள் நான்கு.

முதலாவது, பழைய கிரீஸ் இறுகிப் பிசின்போல் ஆகியிருந்தது. இதற்குப் பெட்ரோல் தொடக்கூடாது; சில பிளாஸ்டிக்குகளைப் பெட்ரோல் பாழாக்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு இரண்டு இரவுகளில் சுத்தம் செய்தேன்.

இரண்டாவது, மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து கரைந்திருந்தன. என் கடையில் மிக்சிக்கு உரிய கார்பன் டப்பா டப்பாவாக இருக்கிறது. ஆனால் அது இதற்குப் பொருந்தாது. 230 வோல்ட்டில் ஓடும் மோட்டாருக்கு உரிய கார்பனில் மின்தடை அதிகம். 12 வோல்ட்டில் அது மோட்டாருக்கே மின்சாரத்தைச் சரியாக விடாது. குறைந்த அழுத்தத்தில் ஓடுபவற்றுக்குச் செம்புத்தூள் கலந்த கார்பன் வேண்டும். கார் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரும் 12 வோல்ட்டில் ஓடுவதுதான். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட வைப்பர் மோட்டாரிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, அரிசி அளவுக்கு இரண்டு துண்டுகளாக்கினேன்.

மூன்றாவது, சக்கரம் வழுக்காதிருக்க அதன் விளிம்பில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பல ரப்பர்களைச் சோதித்தபின், பலூனின் கழுத்துப் பகுதியிலிருந்து மெல்லிய வளையம் வெட்டி மாட்டினேன். இது நெடுநாள் உழைக்காது. எண்ணெய் பட்டால் இன்னும் விரைவாகக் கெடும்.

நான்காவதுதான் உண்மையான சிக்கல். அச்சில் அழுத்தி மாட்டிய நைலான் பற்சக்கரம் வெடித்திருந்தது. ஆண்டுகள் ஆக ஆக நைலான் சுருங்குகிறது. உள்ளேயிருக்கும் எஃகு அச்சு சுருங்குவதில்லை. இறுக்கம் தாங்காமல் சக்கரம் பிளந்துவிடுகிறது. பிளவு விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு இடையிலான இடைவெளி அகன்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் வரும்போது ‘டக்’ என்று முட்டி நிற்கும்.

பற்களை எண்ணினேன், 18. வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர். எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதனால் விட்டத்தை வகுத்தால் பல்லின் அளவு கிடைக்கும். எட்டை இருபதால் வகுத்தால் 0.4. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பழைய பிரிண்டர், டேப் ரெக்கார்டர், பொம்மைக் கார் என்று ஊரிலுள்ள கழிவையெல்லாம் குடைந்தேன். பொம்மைகளில் கிடைத்தவை பெரும்பாலும் 0.5 அளவுடையவை. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூட்டினால் பல் பல்லோடு சேராது. 0.4 அளவில் கிடைத்த இரண்டும் பல் எண்ணிக்கையில் மாறுபட்டன.

மாற்றுச் சக்கரம் இல்லை என்பது உறுதியானபோது, உடைந்த சக்கரத்தையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஒட்டிப் பார்க்கலாம் என்றால் நைலானில் பசை நிற்பதில்லை. அன்று அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பழைய உலக்கை ஒன்று சாத்தியிருந்தது. அதன் நுனியில் இரும்புப் பூண். எத்தனை ஆயிரம் முறை குத்தினாலும் அந்த மரம் பிளக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் பூண்தானே! என் பற்சக்கரத்துக்கும் பக்கவாட்டில் ஒரு சிறு குமிழ்க் கழுத்து இருந்தது. அதில் ஒரு பூண் இறக்கினால் பிளவு மூடிக்கொள்ளும்.

எங்கள் தெருப் பொற்கொல்லரிடம் போனேன். நான்கு மில்லிமீட்டர் விட்டத்தில் பித்தளை வளையம் வேண்டும் என்றதும், “யார் காதுக்கு பாய்?” என்று கேட்டார். விவரம் சொன்னதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இங்கே காய்ச்ச முடியாது; நைலான் உருகிவிடும். எனவே வளையத்தின் உட்புறத்தை ஒரு முனையில் மட்டும் இம்மியளவு அகலமாக்கிக் கொடுத்தார். முதல் வளையம் தளர்வாக இருந்தது. இரண்டாவது வளையத்தை வைஸில் வைத்து மெதுவாக அழுத்தியபோது, பிளவு கண்ணெதிரே மூடியது. கூலி கேட்டேன். “பித்தளைக்கு என்ன கூலி” என்று கையசைத்துவிட்டார்.

ஆனால் சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றுவதற்கு முன்பே பெரியவர் என்னைத் தடுத்து ஒரு பாடம் சொல்லியிருந்தார். நீராவி இயந்திரத்தில் இடப்பக்கத்துத் தண்டும் வலப்பக்கத்துத் தண்டும் ஒரே நேரத்தில் மேலே வருவதில்லை. ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கால்வட்டம் தள்ளியிருக்கும். ஒரு பக்கம் வலுவிழக்கும் புள்ளியில் மறுபக்கம் முழு வலுவோடு தள்ளும். அதனால்தான் இயந்திரம் எந்த நிலையிலிருந்தும் புறப்பட முடிகிறது. சிற்றுருவிலும் இதே அமைப்பு உண்டு. பற்சக்கரத்தை எடுக்க ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தக் கால்வட்டக் கணக்கு தலைமுடியளவு பிசகினாலும் தண்டுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பெரியவர் ஒரு மரக்கட்டையில் இரண்டு ஆணிகளை அடித்து, சக்கரத்தைத் தாங்கும் அச்சு ஒன்றைச் செய்து கொடுத்தார். ஊசியால் அச்சு முனையிலும் சக்கரத்திலும் கோடு கீறச் சொன்னார். அவர் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. ஆகவே அவர் சொல்ல நான் செய்தேன். பொன்மலையில் எண்பதடி நீளக் கூடத்தில் கற்ற கலையை, இஷாவுக்குப் பிறகு என் கடையின் ஒற்றை விளக்கின் கீழ் அவர் எனக்குக் கற்பித்தார்.

மூன்றடித் தண்டவாளத்தில் இயந்திரம் முதலில் நகர்ந்தபோது பெரியவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “வலப்பக்கம் இன்னும் லேசா அடிக்குது” என்றார். தண்டின் துளை ஒன்றில் ஒரு சுணை இருந்தது. அதை நீக்கிய பிறகு ஒலி சீரானது.

வேலை முடிந்தது. ஆனால் நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது வேலை முடிந்தபின் நடந்தது.

எந்தப் பொருளைப் பழுது பார்த்தாலும், மாற்றிய பாகங்களை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி உரியவரிடம் கொடுப்பது என் அத்தா எனக்குப் பழக்கியது. இந்த இயந்திரத்துக்கும் பழைய கார்பன் துகள்களையும் ரப்பர் பொடியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டேன். ஒரு சீட்டில் நான்கு வரி எழுதினேன். கார்பன் பிரஷ், வேறு மோட்டாரிலிருந்து வெட்டியது. ரப்பர் வளையம், பலூன் ரப்பர். ஓராண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். அச்சுப் பற்சக்கரம், பழையது, வெடித்திருந்தது, பித்தளைப் பூண் இடப்பட்டுள்ளது. அச்சு இலேசாகத் தேய்க்கப்பட்டுள்ளது.

பெரியவரின் மகன் வந்து சீட்டைப் படித்தார். அவருடைய முகம் மாறியது. “பாய், வாங்குறவர் எல்லாம் ஒரிஜினலான்னு கேட்டிருக்கார். இந்தச் சீட்டை வெச்சா விலை இறங்கும். வெளியில ஒண்ணும் தெரியலையே. ஓடுதா ஓடலையா, அதுதானே முக்கியம்?” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் படிப்புக்காகப் பணம் தேடும் தகப்பன் அவர். பொய்யான பொருளை விற்கச் சொல்லவும் இல்லை. இயந்திரம் உண்மையிலேயே ஓடுகிறது. சீட்டு என்னுடையது, பொருள் அவர்களுடையது. விற்பவர்கள் அவர்கள், நானல்ல. சட்டப்படி பார்த்தால், சீட்டை அவர் கையில் கொடுத்ததோடு என் கடமை முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் பள்ளிவாசல் பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த ஈரத்துக்கு அவ்வியாபாரி காரணமல்லர், மழை பெய்திருந்தது. இருந்தும் அவர் கேட்கப்பட்டார். ஈரம் பட்டது குற்றமாகப் பார்க்கப்படவில்லை. அது அடியில் மறைந்திருந்ததுதான் கேள்வியாயிற்று. என் பற்சக்கரத்தின் பிளவும் அப்படித்தான். அதற்கு நானும் காரணமல்லன், பெரியவரும் காரணமல்லர், காலம் செய்தது. ஆனால் பூண் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாங்கள் மட்டுமே.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த வாடிக்கையாளரின் குடும்ப விவகாரத்தில் உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. “ஐயா முடிவு செய்யட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

பெரியவர் சீட்டை வாங்கி, தூரத்தில் பிடித்து, மெதுவாகப் படித்தார். பிறகு மகனிடம் சொன்னார்: “பொன்மலையில நாங்க புது இன்ஜின் செஞ்சோம். பழைய சுவிஸ் இன்ஜின் மாதிரியேதான் இருக்கும். நின்னு பார்த்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா அதுக்குப் பழைய நம்பரைப் போடலை. 37396ன்னு புது நம்பர்தான் போட்டோம். இது பொன்மலையில செஞ்சதுன்னு சொன்னோம். அதனால இன்ஜினுக்கு மதிப்பு குறைஞ்சுதா என்ன?”

மகன் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர் சீட்டையும் தீப்பெட்டியையும் பெட்டிக்குள் வைத்தார்.

சென்னையிலிருந்து வந்தவர் சீட்டைப் படித்தார். பூண் எங்கே என்று கேட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தார். முன்பு பேசிய விலையில் கால்பங்கு குறைத்தார். பேரம் பேசியும் ஏறவில்லை. பெரியவர் அந்த விலைக்கே கொடுத்துவிட்டார். கல்லூரிக் கட்டணத்துக்குக் குறைந்த தொகைக்காக வீட்டிலிருந்த ஒரு ஜோடித் தோடு அடகுக் கடைக்குப் போனது. அது இன்னும் மீட்கப்படவில்லை. உண்மை சொன்னதற்கு உடனே பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவ்வாறு நடக்கவில்லை. பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்பது மட்டும் உண்மை.

என் கூலியைப் பெரியவர் எண்ணி வைத்தார். அந்தத் தோட்டின் நினைவு வந்ததால் நான் வாங்கத் தயங்கினேன். “வேலைக்குக் கூலி வாங்கலேன்னா அடுத்த தடவை நான் எப்படி உங்க கடைக்கு வர்றது?” என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். ஒருவரின் கண்ணியத்தைக் காப்பதும் ஓர் அமானிதம்தான்.

இன்று பொருள்களைத் தூக்கி எறிவது எளிதாகிவிட்டது. பழுது பார்ப்பது நுகர்வோரின் உரிமை என்ற பேச்சு உலகெங்கும் எழுந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்கள் பழுதுநீக்கும் விவரங்களை மக்களுக்குத் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல முயற்சி. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதை வரவேற்க வேண்டும். ஆனால் உரிமையோடு சேர்ந்து ஒரு கடமையும் வருகிறது. பாகம் கிடைக்காத இடத்தில் மாற்று வழியைத் தேடுபவன், தான் செய்ததைச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் செய்யும் மாற்று, எவ்வளவு திறமையாக இருந்தாலும், அடுத்து அப்பொருளைத் திறக்கப்போகும் தொழிலாளியை ஏமாற்றுகிறது. அந்தச் சென்னை நண்பர் ஓராண்டு கழித்து ரப்பர் தேய்ந்ததென்று யாரிடமோ கொண்டுபோவார். அந்தத் தொழிலாளி பெட்டியைத் திறந்தால் சீட்டு இருக்கும். எதைத் தேட வேண்டும், எதைத் தேட வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். முகம் தெரியாத ஒரு தொழிலாளிக்கு நான் செய்யக்கூடிய உதவி அது.

வாசகச் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஓடாத கடிகாரமோ, பேசாத வானொலியோ, சுற்றாத மின்விசிறியோ இருந்தால், எறிவதற்கு முன் ஒருமுறை உங்கள் ஊர்ப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பாகம் வருவதில்லை என்று அவர் சொன்னால், “வேறு வழி உண்டா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். வழி உண்டு என்றால், என்ன செய்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பவர் இருந்தால் எழுதுபவரும் உருவாவார்.

என் கடையில் இப்போது சிறு சீட்டுப் புத்தகம் ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறேன். தேதி, பொருள், மாற்றியது, மாற்றாதது என்று நான்கு கட்டங்கள். கடந்த வாரம் ஒரு மிக்சிக்கு எழுதினேன். நேற்று ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு எழுதினேன். மாற்றிய பாகத்தை எழுதும்போது கை சற்றுத் தயங்கும் நாள்களும் உண்டு. அந்தத் தயக்கத்தைக் கடந்து எழுதும் உறுதியை வல்ல இறைவன் எனக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக.